செய்தியின் நாணயம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெலவேர் மாகாணத்து ஸுபீரியர் கோர்ட்டில், 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதியன்று, ஜூரிமார் பொறுக்கி எடுக்கப்பட்டு, வக்கீல்கள் தங்கள் வாதத்தைத் தொடங்குவதற்கு எழுந்திருக்க வேண்டிய சமயத்தில், வழக்கு ராஜியாகிவிட்டதென்று நீதிபதி எரிக் டேவிஸ் தெரிவித்தார். வாதி, தேர்தலில் வாக்குப் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் வேண்டிய யந்திரங்களை விற்கும் டொமினியன் என்ற கம்பெனி. பிரதிவாதி, பாக்ஸ் என்னும் டெலிவிஷன் செய்தி ஸ்தாபனம். பிரதிவாதி கொடுக்க இசைந்த தொகை 78 கோடியே 75 லட்சம் டாலர். அத்தொகையின் பெருமையைப் பற்றி உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் எழுதித் தீர்த்தன. நாம் இங்கே ஆராயப் புகுந்தது வேறொரு விஷயம். அவ்வழக்கிலே யார் யாருடைய நிகழ்ச்சிகள் கோர்ட்டின் முன் வைக்கப்பட்டனவோ, அவர்களில் ஒருவரான மரியா பார்ட்டிரோமோ அம்மையாரின் முப்பது வருஷத் தொழில் வரலாறே நமது விஷயமாகும்.

கடல் கடந்த தேசத்து ஸ்திரீ ஒருவரின் உத்தியோக வரலாற்றினால் நமக்கென்ன பிரயோஜனம் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர் வெறும் கட்சிப் பேச்சாளராயிருந்தால் நாமும் அக்கேள்வியையே கேட்டிருப்போம். ஆனால் அவர் வர்த்தகச் செய்தியில் வளர்ந்தவர். வதந்திக்கும் செய்திக்குமுள்ள வித்தியாசம் நிமிஷந்தோறும் பணக் கணக்காக வெளிப்படுகிற இடத்திலே தொழில் பழகியவர். அத்தகைய ஒருவர், ஆதாரமற்ற பேச்சொன்றைத் தேசமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்த கருவிகளில் ஒன்றாக எவ்வாறு ஆனார் என்பது, பத்திரிகை நடத்துவோரும், பத்திரிகை படித்துப் பொதுக் காரியங்களில் இறங்குவோரும் ஆலோசிக்கத் தக்கதாகும்.

அம்மையார் 1967-ம் வருஷத்தில் நியூயார்க் நகரைச் சேர்ந்த புரூக்ளினில், இத்தாலிய வம்சத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அங்கே ஒரு போஜனசாலை நடத்தியவர். பிதுரார்ஜிதப் பணமோ பெரிய மனிதர்களின் சிபார்சோ இல்லாமல், நியூயார்க் சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழிலும் பொருளாதார சாஸ்திரமும் பயின்று 1989-ல் பட்டம் பெற்றார். பின்பு சில வருஷகாலம் சி.என்.என். ஸ்தாபனத்தின் வர்த்தகச் செய்திப் பகுதியில், செய்திகளைத் தொகுத்துப் பிறருக்குக் கொடுக்கும் வேலையில் இருந்தார். 1993-ல், அப்பொழுது நான்கு வயதேயான சி.என்.பி.சி. என்னும் வர்த்தகச் செய்தி டெலிவிஷனில் சேர்ந்தார்.

நியூயார்க் பங்கு மார்க்கெட் 1792-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அந்த மார்க்கெட்டில் அங்கத்தினர் ஸ்தானத்தை விலைக்கு வாங்கிய முதல் ஸ்திரீ மியூரியல் ஸீபர்ட். அவர் அதை வாங்கியது, நமது அம்மையார் பிறந்த 1967-ம் வருஷத்திலேதான். ஸ்தாபனம் உண்டாகி 175 வருஷங்கள் கழிந்த பிறகே ஒரு பெண்ணுக்கு அங்கே உரிமையுள்ள இடம் கிடைத்ததென்றால், அதற்குள் வழங்கிய வழக்கங்கள் எப்படிப்பட்டவை என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1995-ல் பார்ட்டிரோமோ அம்மையார் அந்த மார்க்கெட்டின் வியாபார மண்டபத்திலேயே நின்று, நாள்தோறும் நேரடியாகச் செய்தி சொல்லத் தொடங்கினார். இங்ஙனம் செய்த முதல் நிருபர் அவரே. தரகர்கள் கூவிக்கொண்டும் சீட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டும் முட்டி மோதி ஓடும் கூட்டத்தின் நடுவே ஒலிபெருக்கிக் குழலுடன் நின்ற அவரை அமெரிக்க ஜனங்கள் பார்த்தார்கள். அதுவரையில் தங்கள் சேமிப்புப் பணம் எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்று கண்ணால் கண்டிராத குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் அவர் மூலமாகவே அவ்விடத்தைக் கண்டனர்.

அவர் செய்த வேலையைக் குறித்துப் பேசுவதற்கு முன்பாகவே அவருடைய முகத்தைக் குறித்துப் பேசினார்கள். அந்நாட்டுச் சில்லறைப் பத்திரிகைகள் 'மணி ஹனி' என்று அவருக்கு ஒரு பரிகாசப் பெயரைச் சூட்டின. ஜோயி ரமோன் என்னும் பாடகர் அவர் பெயராலேயே ஒரு பாட்டுக் கட்டினார். அது அப்பாடகர் காலஞ்சென்ற பிறகு 2002-ல் வெளியாயிற்று. பங்கு விலை சொல்லும் ஆண்பிள்ளை எவருக்கும் அவர் மூக்கையும் விழியையும் வைத்து யாரும் பெயரிட்டதாக நாம் அறியோம். 2007-ல் அம்மையாரே அப்பரிகாசப் பெயரை வியாபார முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள மனுப் போட்டார். பிறர் எறிந்த கல்லைக் கொண்டே வீட்டுக்குப் படிகட்டிக் கொள்ளும் சாமர்த்தியம் என்று அதைச் சிலர் மெச்சினர். நாம் மெச்சவுமில்லை, இகழவுமில்லை. செய்தி சொல்லுகிறவரே விற்பனைப் பொருளாகிவிடும் ஏற்பாடு அந்தத் தொழிலில் எவ்வளவு தூரம் வேரூன்றியிருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளமென்று மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

அவருடைய வேலையின் சாரத்தைச் சற்று விளக்க வேண்டும். பெரிய தரகுக் கம்பெனிகள் ஒவ்வொன்றிலும் பங்குகளைப் பரிசீலனை செய்யும் நிபுணர்கள் உண்டு. இன்ன பங்கை வாங்கலாம், இன்னதை விற்கலாம் என்று அவர்கள் காலையில் அபிப்பிராயம் எழுதுவார்கள். அது முதலில் அக்கம்பெனியின் பெரிய வாடிக்கைக்காரர்களுக்குப் போய்ச் சேரும். சிறிய முதலுடையவன் மறுநாள் பத்திரிகையில் படிக்கும்போது, அதிலுள்ள லாபமெல்லாம் பிறரால் உறிஞ்சப்பட்டிருக்கும். அம்மையார் தமது பழக்கத்தாலும் உழைப்பாலும் அவ்வபிப்பிராயங்களை விசாரித்தறிந்து, அன்றைக்கன்றே யாவருக்கும் தெரிவித்தார். பெரியவர்கள் மூடிவைத்திருந்த பெட்டியைச் சிறியவர்களுக்குத் திறந்து காட்டிய காரியம் இது. 2000-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் பங்குப் பத்திரக் கமிஷன், கம்பெனிகள் தங்கள் முக்கியமான விவரங்களைச் சில நிபுணர்களுக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லலாகாது, யாவருக்கும் ஒரே சமயத்தில் வெளியிட வேண்டும் என்று விதி செய்தது. பொதுஜனங்களுக்குச் செய்தியில் சமபங்கு வேண்டுமென்ற எண்ணம் சட்டத்திலும் ஏறிற்று.

ஆனால் பெட்டி திறந்ததனால் மட்டும் ஏழைக்குப் பங்கு கிடைத்துவிடவில்லை. எமரி சர்வகலாசாலையைச் சேர்ந்த இரு பண்டிதர்கள் அம்மையாருடைய டெலிவிஷனில் பங்குகளைப் பற்றிக் கூறப்பட்ட அபிப்பிராயங்களையும், அவற்றைத் தொடர்ந்த விலைகளையும் ஒப்பிட்டு 2002-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சாதகமான அபிப்பிராயம் சொல்லப்பட்ட சில வினாடிகளுக்குள்ளேயே விலை அசைகிறதென்றும், 15 வினாடிக்குள் வியாபாரத்தை முடிப்பவனுக்கே சொற்ப லாபம் உண்டென்றும் அதில் கண்டார்கள். அதாவது, வீட்டில் உட்கார்ந்து கேட்டவன் டெலிபோனை எடுப்பதற்குள் சமயம் கடந்துவிடும். ஒரு ஸ்திரீயின் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் 15 வினாடிக்குள் லட்சக்கணக்கான டாலரை இடம் மாற்றியதென்றால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்பதையும் இதிலிருந்தே உணரலாம்.

நிற்க. அந்த வருஷங்களில் அமெரிக்காவில் புதிய கம்ப்யூட்டர்க் கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் பித்தம் தலைக்கேறியிருந்தது. நாஸ்டாக் என்னும் மார்க்கெட்டின் விலைக் குறியீடு 2000-ம் வருஷம் மார்ச் 10-ந் தேதி 5,048 புள்ளியில் முடிந்தது. 2002-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அது 1,114 ஆகச் சரிந்தது. ஏறுமுகமான காலத்தில் வர்த்தகச் செய்தி டெலிவிஷனுக்கு நேயர்கள் பெருகினார்கள். நேயர்கள் பெருகினால் விளம்பரமும் வரும்படியும் பெருகும். 'இன்னும் ஏறும்' என்று சொல்பவனை ஜனங்கள் விரும்பினார்கள். 'நில்லுங்கள், இது தாங்காது' என்றவனை வெறுத்தார்கள். இக்குற்றத்தை அம்மையார் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இன்று காலையில் சொன்ன பொய்ச் செய்தியை மார்க்கெட் இன்று மாலைக்குள் காட்டிக் கொடுத்துவிடும். ஜனங்கள் நெஞ்சார விரும்புகிற பொய்யையோ அது உடனே காட்டிக் கொடுப்பதில்லை. அப்பொய் தன் பாரத்தினாலேயே விழும் வரையில் எல்லோரும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மையாருடைய தொழில் திறமை உச்சத்தில் விளங்கியது 2006-ம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பவத்தில். அமெரிக்காவின் மத்திய பாங்கிக்கு அவ்வருஷம் பிப்ரவரியில் தலைமை ஏற்ற மிஸ்டர் பென் பெர்னான்கி, ஏப்ரல் 27-ந் தேதி காங்கிரஸ் கமிட்டியின் முன் சொன்ன வார்த்தைகளைக் கேட்டு, வட்டி உயர்வு நிற்கப் போகிறதென்று மார்க்கெட் மகிழ்ச்சி கொண்டது. இரண்டு நாள் கழித்து, வெள்ளை மாளிகை நிருபர்கள் சங்கத்தின் விருந்தில் அம்மையார் அவரைச் சந்தித்து, தங்களை மார்க்கெட் சரியாகப் புரிந்துகொண்டதா என்று வினவினார். இல்லையென்று விடை வந்தது. மே 1-ந் தேதி திங்கட்கிழமை பிற்பகலில் அம்மையார் இதை டெலிவிஷனில் சொன்ன மாத்திரத்தில் பங்கு விலைகள் இறங்கின. அம்மாதத்திலேயே மிஸ்டர் பெர்னான்கி ஸெனட் கமிட்டியின் முன், அவ்வாறு தனிப்படப் பேசியது தம்முடைய விவேகக் குறைவென்றும், இனித் தாம் முறைப்படியான வழிகளிலேயே பேசுவதாகவும் ஒப்புக்கொண்டார். நிருபர் செய்ததில் குற்றமொன்றுமில்லை. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டியவரிடம் கேட்டு, கிடைத்த விடையை ஜனங்களுக்குச் சொன்னார். அதிகாரத்திலுள்ளவரின் நாவைத் திருத்தியது அக்கேள்வி. இந்தச் சம்பவத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். பின்னால் நடந்ததை இதைக் கொண்டே நாம் நிறுத்துப் பார்க்கப் போகிறோம்.

அடுத்த வருஷம், சிட்டிகுரூப் என்னும் பெரிய பாங்கியின் உயர்ந்த அதிகாரி ஒருவர் பதவியை விட்டு விலக நேர்ந்தபோது, அம்மையார் அந்தப் பாங்கியின் விமானத்தில் அவருடன் பிரயாணம் செய்த விஷயம் வெளிவந்தது. பிரயாணம் தொழில் நிமித்தமானதென்றும், தங்கள் அனுமதி பெற்றதென்றும் சி.என்.பி.சி. அவருக்கு ஆதரவாகப் பேசிற்று. அதை மறுக்க நம்மிடம் யாதொன்றுமில்லை. எனினும், செய்தி தருகிறவருக்கும் செய்தி கேட்கிறவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறையக் குறைய, கேள்வியின் கூர்மையும் மழுங்கும் என்பது எல்லாத் தேசத்துப் பத்திரிகைக்காரருக்கும் பொதுவான உண்மையாகும்.

2013-ம் வருஷம் நவம்பரில் அம்மையார் இருபது வருஷப் பழக்கமுள்ள சி.என்.பி.சி.யை விட்டுப் பாக்ஸ் ஸ்தாபனத்துக்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. அங்கே காலை வேளையில் வர்த்தகச் செய்தியையும், 2014 முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் அரசியலும் வர்த்தகமும் கலந்த வேறொரு நிகழ்ச்சியையும் நடத்தலானார். 2015-ம் வருஷம் நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதிப் பதவி அபேட்சகர்கள் மில்வாக்கி நகரில் நடத்திய விவாதத்தில் கேள்வி கேட்டவர்களில் அவரும் ஒருவர். மார்க்கெட் மண்டபத்திலிருந்து அரசியல் மேடைக்கு அவர் பெயர்ந்தது இங்ஙனமே.

இந்தப் பெயர்ச்சியில் உள்ள அபாயம் யாது? மார்க்கெட்டில் ஒருவன் பொய்ச் செய்தியை நம்பிப் பங்கு வாங்கினால் கையிலுள்ள பணம் போகிறது. மறுநாளே சொன்னவன் மேல் கோபம் கொள்கிறான். வேறொரு செய்தியாளனைத் தேடிப் போகிறான். அரசியலில் பொய்யை நம்புகிறவனுடைய மடியிலிருந்து ஒரு காசும் உடனே குறைவதில்லை. அவன் விரும்பியதையே அவன் காதில் ஓதினால் ஓதியவர் மேல் பிரியம் கொள்கிறான். மெய்யைச் சொன்னவர் மேல்தான் கோபம் கொண்டு வேறொரு டெலிவிஷனைத் திருப்பிக்கொள்கிறான். ஆகவே அங்கே பொய்யைத் தடுக்கக் கூடியது ஒன்றே ஒன்று: செய்தியாளருடைய நெஞ்சு. அது தளர்ந்தால் தாங்குவதற்கு விலைப் பட்டியல் கிடையாது.

2020-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. 7-ந் தேதி மிஸ்டர் பைடன் வென்றாரென்று செய்தி ஸ்தாபனங்கள் யாவும், பாக்ஸ் உள்பட, அறிவித்தன. 8-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மையாருடைய நிகழ்ச்சியில், தோல்வியுற்ற ஜனாதிபதியின் பக்கத்தில் நின்ற வக்கீல் ஸிட்னி பவல் தோன்றி, டொமினியன் யந்திரங்கள் வாக்குகளை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றிவிட்டன என்ற கூற்றை எழுப்பினார். அதற்கு முந்தின நாளே, தம் கூற்றுக்கு ஆதாரமென்று ஒரு கடிதத்தை அவர் அம்மையாருக்கு அனுப்பியிருந்தார். அக்கடிதத்தை எழுதியவர், காற்று தம்முடன் பேசுவதாக அதிலேயே எழுதியிருந்தார்! பிற்காலத்தில் பிரமாணத்தின் மேல் கொடுத்த வாக்குமூலத்தில், அது அர்த்தமற்ற பேச்சுத்தான் என்று அம்மையாரே ஒப்புக்கொண்டார். ஆனால் நவம்பர் 8-ந் தேதி, லட்சக்கணக்கான ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, 'உமக்கு இதைச் சொன்னவர் யார்? அவர் சொன்னது எத்தகையது?' என்ற கேள்வி பிறக்கவில்லை. மத்திய பாங்கித் தலைவரை விருந்து மண்டபத்தில் மடக்கிக் கேட்ட நாவு அன்று அதைக் கேட்கவில்லை.

மெய்யை அறிவதற்கு அப்போது வழியில்லாமலிருந்ததா? ஜார்ஜியா மாகாணம் முழுவதிலும் டொமினியன் யந்திரங்களே உபயோகிக்கப்பட்டன. அங்கே அதே நவம்பர் மாதத்தில் சுமார் 50 லட்சம் காகித வாக்குச் சீட்டுகளையும் மனிதர்கள் கையாலேயே திரும்ப எண்ணினார்கள். வென்றவர் மாறவில்லை. முடிவை மாற்றக்கூடிய அளவில் மோசடி எதையும் காணவில்லையென்று மிஸ்டர் டிரம்ப் நியமித்த அட்டர்னி ஜெனரல் மிஸ்டர் பார் டிசம்பர் 1-ந் தேதி வெளியிட்டார். தேர்தலை ஆட்சேபித்துப் போடப்பட்ட 60-க்கு மேற்பட்ட வழக்குகள் தோற்றன. இவற்றிற்கிடையே, நவம்பர் 29-ந் தேதி மிஸ்டர் டிரம்ப் தேர்தலுக்குப் பின் கொடுத்த முதல் டெலிவிஷன் பேட்டியும் அம்மையாருக்கே கிடைத்தது. ஸ்மார்ட்மாட்டிக் என்னும் மற்றொரு யந்திரக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்ட பிறகு, டிசம்பர் 20-ந் தேதி, அக்கூற்றுக்களுக்கு ஆதாரமில்லையென்று ஒரு நிபுணர் கூறும் பகுதி அம்மையாருடைய நிகழ்ச்சியிலும் ஒலிபரப்பப்பட்டது. கேட்க வேண்டிய கேள்வி நோட்டீஸுக்குப் பின் வந்தது; செய்தி அதற்கு ஆறு வாரம் முன்பே ஊர் சுற்றிவிட்டது.

2021-ம் வருஷம் பிப்ரவரியில் ஸ்மார்ட்மாட்டிக் 270 கோடி டாலர் நஷ்ட ஈடு கோரி நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. பிரதிவாதிகளில் அம்மையாரும் பெயர் குறிக்கப்பட்டார். மார்ச்சில் டொமினியன் 160 கோடி டாலர் கோரி டெலவேரில் தொடுத்த வழக்கில் அவர் தனிப்படப் பிரதிவாதியாக்கப்படவில்லை; அவருடைய நிகழ்ச்சிகள் மட்டுமே குற்றச்சாட்டில் அடங்கின.

இவ்வழக்குகளில் அடங்கிய சட்ட விஷயத்தை நமது வாசகர்கள் சரியாக உணர வேண்டும். அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு 1964-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்கும் ஸல்லிவன் என்பவருக்கும் நடந்த வழக்கில் ஒரு பெரிய தீர்ப்புக் கூறிற்று. அலபாமா மாகாணத்தில் நீக்ரோ ஜனங்களின் உரிமைக் கிளர்ச்சிக்காக வெளியான விளம்பரமொன்றில் சில பிழைகள் இருந்தன என்ற காரணத்தினால் அப்பத்திரிகைக்கு 5 லட்சம் டாலர் விதிக்கப்பட்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டு, பொதுக்காரியத்தைப் பற்றி எழுதும்போது நல்லெண்ணத்தோடு செய்த பிழை குற்றமாகாது. பொய்யென்று தெரிந்தோ, பொய்யா மெய்யா என்பதைச் சற்றும் சட்டை செய்யாமலோ வெளியிட்டதாக வாதி ரூபிக்க வேண்டும் என்று அந்தக் கோர்ட்டு விதித்தது. ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்காகப் பேசும் பத்திரிகைகளுக்கு அது ஒரு கவசம். அக்கவசத்தின் நிழல் நமது நாட்டிலும் விழுந்திருக்கிறது. நக்கீரன் பத்திரிகையின் ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் மேல் தொடுத்த வழக்கில் இந்திய ஸுப்ரீம் கோர்ட்டு 1994-ல் தீர்ப்பளித்தபோது, அரசாங்க உத்தியோகஸ்தரின் அலுவல் சம்பந்தமான நடத்தையைப் பற்றி எழுதுவதற்கு ஏறக்குறைய இதே கொள்கையை எடுத்தாண்டது.

பாக்ஸ் தரப்பார், 'ஜனாதிபதியும் அவருடைய வக்கீல்களும் கூறியது செய்தியன்றோ? அதைத் தெரிவித்ததன்றி நாங்கள் செய்ததென்ன?' என்று வாதித்தார்கள். இந்த வாதம் முழுவதும் அலட்சியம் செய்யத்தக்கதென்று நாம் சொல்லமாட்டோம். ஒரு தேசத்தின் தலைவர் பொய் சொன்னாலும், அவர் சொன்னார் என்பதைப் பத்திரிகை வெளியிட்டே ஆகவேண்டும். அவ்வுரிமை இல்லாவிட்டால், சர்க்கார் சொல்வதைப் பரிசோதிக்கவும் முடியாமற் போகும். ஆனால் ஒருவர் சொன்னதைத் தெரிவிப்பது வேறு, அவருக்குத் தன் கீர்த்தியைக் கடனாகக் கொடுப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இடையில் கேட்கப்படும் கேள்வியொன்றே. நீதிபதி டேவிஸ் 2023 மார்ச் 31-ந் தேதி உத்தரவில், டொமினியனைப் பற்றிய கூற்றுக்களில் ஒன்றும் உண்மையன்று என்பது தெள்ளத் தெளிவாயிருக்கிறதென்று கண்டு, பிரதிவாதியின் அவ்வாதத்தையும் தள்ளினார். மனதறிந்த குற்றமா என்பது ஜூரிமாருக்கு மிஞ்சியது. அதற்கு விடை வருமுன் ராஜி ஏற்பட்டது.

அந்த ராஜியில் நாம் வருந்துவது ஒன்றுண்டு. கோர்ட்டு சில கூற்றுக்களைப் பொய்யென்று கண்டதைத் தாங்கள் ஏற்பதாக ஸ்தாபனத்தார் ஓர் அறிக்கை விட்டார்கள். எந்த நேயர்களுடைய வீட்டுக்குள் அப்பொய் புகுந்ததோ, அவர்கள் எதிரில் அந்த நிகழ்ச்சிகளிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டுமென்ற நிபந்தனை ராஜியில் இல்லை. கம்பெனிக்கு நேர்ந்த நஷ்டத்துக்குப் பணம் கிடைத்தது. நேயனுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு செய்வார் யார்? தன் சகோதர ஜனங்களில் பாதிப்பேர் தேர்தலைத் திருடினவர்கள் என்று நம்பிக்கொண்டு அவன் வீட்டிலே உட்கார்ந்திருக்கிறான். அவன் அந்தக் கோர்ட்டில் வாதியுமல்ல, சாட்சியுமல்ல. பாக்ஸின் முதலாளி மிஸ்டர் மர்டாக் தமது வாக்குமூலத்தில், நிகழ்ச்சி நடத்துவோரில் சிலர் அப்பொய்யை ஆமோதித்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். அம்மையாருடைய பெயரையும் சொன்னார். அவ்வளவு தெரிந்த முதலாளி ஏன் தடுக்கவில்லை? உண்மையைக் கேட்கச் சகியாத நேயர்கள் போட்டி டெலிவிஷனுக்குப் போய்விடுவார்களென்ற அச்சம் அந்த ஸ்தாபனத்தில் பரவியிருந்ததை, வழக்கில் வெளிவந்த அவர்களுடைய சொந்தக் கடிதங்களே காட்டின. ஆகவே பத்திராதிபர் ஸ்தானத்தில் உண்மையாக உட்கார்ந்திருந்தது நேயனுடைய ஆசை. நாஸ்டாக் காலத்தில் 'இன்னும் ஏறும்' என்று கேட்க விரும்பிய அதே ஆசை, 'நாம் தோற்கவில்லை' என்று கேட்க விரும்பிற்று.

இதை வைத்துப் பெண்கள் இத்தொழிலுக்குத் தகுந்தவர்களல்லர் என்று எவரேனும் சொல்லத் துணிந்தால், அதை நாம் கண்டிக்கிறோம். அதே குற்றச்சாட்டுக்கு உள்ளான ஆண்கள் அந்த ஸ்தாபனத்தில் இருந்தார்கள். பணம் கொடுத்துத் தீர்த்த முதலாளியும் ஆண்பிள்ளையே. அம்மையார் மார்க்கெட் மண்டபத்தில் அடைந்த வெற்றி மெய்யான வெற்றி. அங்கே தள்ளுண்டும் பரிகாசமுண்டும் நின்ற அவருடைய துணிவு, பின்னால் வந்த பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அப்பேர்ப்பட்டவருடைய பெயர் அந்த வழக்குக் கட்டில் ஏறியதே நம்மை வருத்துகிறது.

நமது நாட்டுக்கு வருவோம். 1999-ம் வருஷம் டிசம்பரில் இந்தியாவிலும் வர்த்தகச் செய்திக்கென்றே சி.என்.பி.சி. பெயரால் டெலிவிஷன் ஏற்பட்டது. இங்கே பங்குக் கணக்கு வைத்திருப்போரின் கணக்குகள் 2024-ல் 15 கோடியைத் தாண்டின. காஞ்சீபுரத்து நெசவாளியின் மகனும் கோயமுத்தூர் மில் குமாஸ்தாவும் இன்று கைப்பேசியைப் பார்த்துப் பங்கு வாங்குகிறார்கள். 2021-ம் வருஷம் ஜனவரியில் செபி என்னும் நமது பங்கு மார்க்கெட் அதிகார சபை ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஹிந்தி வர்த்தக டெலிவிஷனில் பங்குகளைச் சிபார்சு செய்த ஒருவருடைய குடும்பத்தார் கணக்குகளில், சிபார்சுக்கு முந்தின நாள் அதே பங்குகள் வாங்கப்பட்டு, சிபார்சு செய்த நாளில் விற்கப்பட்டன என்று அதில் கூறிற்று. ஆகையால் இது அமெரிக்காவின் வியாதி மட்டுமென்று நாம் நிம்மதியாயிருக்க இடமில்லை. பணச் செய்தியைக் கண்காணிக்கவாவது இங்கே செபி இருக்கிறது. அரசியல் செய்திக்கு அத்தகைய அதிகாரி வேண்டுமென்று நாம் ஒருபோதும் கேட்கமாட்டோம். சர்க்காரின் கையில் அக்கத்தியைக் கொடுத்தால் அது முதலில் எவருடைய கழுத்தில் விழும் என்பதை, 1910-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டத்தையும் 1975-ம் வருஷத்துத் தணிக்கையையும் அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அப்படியானால் காவல் யார்? வாசகரே காவல். நமது வாசகர்களிற் பெரும்பாலோர் தேச காரியங்களில் ஈடுபட்டவர்கள், கூட்டத்தில் பேசுகிறவர்கள், பேசுவதற்கு இந்தப் பத்திரிகையிலிருந்தும் பிற பத்திரிகைகளிலிருந்தும் விஷயம் எடுக்கிறவர்கள். எதிர்க் கட்சியாரின் பொய்யைக் கண்டுபிடிப்பது எளிது. அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. நமது பக்கத்துக்கு அனுகூலமாக, நமது நெஞ்சு குளிரும்படியாக ஒரு செய்தி வரும்போதுதான் பரீட்சை தொடங்குகிறது. அதைச் சொன்னவர் யார், அவருக்குத் தெரிந்தது எப்படி, எண்ணிப் பார்த்தவர் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் அச்சமயத்தில் கேட்கிற தொண்டர்கள் எந்தக் கட்சியில் அதிகமாக இருக்கிறார்களோ, அந்தக் கட்சியின் பேச்சைத்தான் நாளாவட்டத்தில் ஜனங்கள் செல்லும் நாணயமாக ஏற்பார்கள். எங்கள் பத்திரிகையையும் அந்த மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்த்தே வாசகர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.